மெத்தையில் ஒரு பள்ளம்

மெத்தைக்காரருக்கு ஊராரின் முகங்கள் அவ்வளவாக நினைவில் நிற்காது. முதுகுகள்தான் நிற்கும். ஒரு பழைய மெத்தையைத் தரையில் விரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். அதில் படுத்தவர் கனமா ஒல்லியா, ஒருக்களித்துப் படுப்பவரா மல்லாந்து படுப்பவரா, நிம்மதியாகத் தூங்குகிறவரா, புரண்டு புரண்டே பொழுதை விடியவைக்கிறவரா என்று தெரிந்துவிடும். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஓரமாய் ஒதுங்கி, நடுவில் வரப்பு மாதிரி மேடு கட்டிப்போன மெத்தைகளையும் அவர் பிரித்திருக்கிறார். அதைப்பற்றி வெளியே மூச்சுவிட மாட்டார். நடுவில் இரண்டு பிடி பஞ்சைக் குறைத்து வைத்துத் தைத்துக் கொடுப்பார். அவரால் ஆன உபகாரம் அது.

குளிர் விழுந்ததும் எல்லோருக்கும் மெத்தை ஞாபகம் வந்துவிடும். வருஷம் முழுக்கக் கட்டாந்தரை மாதிரி இறுகிக் கிடந்ததைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, நாளைக்கே வேண்டும் என்று வந்து நிற்பார்கள். தெருவைப் பார்த்த முன்கட்டில் பஞ்சு அடிக்கும் மெஷின். பல்லு வைத்த உருளை சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. இந்தப் பக்கம் கட்டி கட்டியாய், மஞ்சள் பூத்து உள்ளே போகிற பஞ்சு அந்தப் பக்கம் நுரையாய் வந்து விழும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு நின்றாலும், சாயங்காலம் மெத்தைக்காரரின் புருவம் இரண்டும் கிழவனுடையது போல் நரைத்திருக்கும். பின்கட்டில் இரண்டு அறைகள். அங்கேதான் குடும்பம்.

குடும்பம் என்றால் இப்போது அவரும், பத்து வயதுப் பெரியவனும், ஐந்து வயது மகளும். உடம்பு ஒல்லி, தலை மட்டும் உருண்டை என்பதால் மகளுக்குக் குண்டூசி என்று பேர். வைத்தவள் அவள் அம்மாதான். அந்த அம்மா இந்த மழைக்காலத் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பல மாதம் படுக்கையில் கிடந்து, எல்லோருக்கும் பழகிவிட்ட நோயாளியாகி, இனி இப்படியே இருந்துவிடுவாள் என்று வீடு நினைக்கத் தொடங்கிய சமயத்தில் போனாள். அதற்குப் பிறகு மெத்தைக்காரரின் தங்கை ஒரு பையோடு வந்தாள். பையை இன்னும் அவிழ்க்கவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை.

பிள்ளைகளின் அம்மா கிடந்த மெத்தை உள்ளறையில் அப்படியே கிடந்தது. அதில் அவளுடைய பள்ளமும் அப்படியே இருந்தது. தோளிருந்த இடத்தில் கொஞ்சம் ஆழம், இடுப்பில் அதைவிட ஆழம், கால்பக்கம் ஒன்றுமில்லை. கடைசி மாதங்களில் காலை மடக்கிக்கொண்டேதான் படுத்திருந்தாள். குண்டூசி மெத்தையின் ஓரத்தில், விழுந்துவிடாமல் ஒட்டிக்கொண்டு தூங்குவாள். பள்ளத்தில் தானும் படுக்கமாட்டாள், பிறரையும் விடமாட்டாள். துணி மடித்து வைக்கக்கூட அத்தைக்கு அனுமதி கிடையாது.

"அண்ணா, சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. நோயில கெடந்த மெத்தை. ஊர்ல உள்ளவங்க மெத்தையெல்லாம் அடிச்சுக் குடுக்கறீங்க, நம்ம வீட்டுது இப்படிக் கெடக்கு."

"ஆகட்டும், பாக்கலாம்."

"இதையேதான் போன மாசமும் சொன்னீங்க."

"இந்த மாசமும் சொல்றேன்ல."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. குழந்தைக்காக விட்டுவைத்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். விளக்கணைத்த பிறகு தரையில் படுத்திருக்கிற அண்ணன், கையை மட்டும் நீட்டி அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொள்வது அவளுக்குத் தெரியாது.

திருவருகைக் காலம் வந்தது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நான்கு ஞாயிறுகளும் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. இந்த வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. அது செத்துப்போனவள் ஏற்படுத்தியது. "வர்றவருக்கு உலகம் வேணாமா? முதல்ல உலகத்தச் செய்வோம்" என்று, ஒவ்வொரு ஞாயிறும் படைப்பின் கதையில் கொஞ்சம் சொல்லி, பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைச் செய்தும் வைப்பாள். முதல் வாரம் வெளிச்சம். இரண்டாவது வாரம் வானமும் கடலும் செடிகொடியும். மூன்றாவது வாரம் பறவை, மீன், மிருகம். மெஷினுக்கடியில் உதிர்ந்த பஞ்சுதான் மேகம். மெத்தைத் துணியின் நீலக்கோட்டு வெட்டுகள்தான் கடல். ஆடு செய்வது சுலபம் என்பதால் அவர்கள் உலகத்தில் ஆடுகள் அளவுக்கு மீறிப் போய்விடும்.

நான்காவது வாரம்தான் மனுஷன். அதற்கு மட்டும் பஞ்சு ஆகாது. கொல்லையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உருவம் பிடித்து, மூக்கில் ஊதுவார்கள். அதற்கு முந்தி செய்து வைத்துவிடலாம் என்று பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இந்த வருஷம் அந்த வேலை மெத்தைக்காரர் தலையில் விழுந்தது. அவருக்கு மெத்தை தைக்கத் தெரியும், கதை தைக்கத் தெரியாது. முதல் ஞாயிறு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல ஒண்ணுமே இல்ல. ஒரே இருட்டு. அப்புறம் வெளிச்சம் வரட்டும்னார். வந்துச்சு."

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"அவ்ளோதானா?" என்றான் பெரியவன்.

"அவ்ளோதான்."

"அம்மா சொன்னா அரைமணி நேரம் ஆகும்."

"அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி" என்றார். சொன்ன பிறகுதான், அவளைப்பற்றி எத்தனையோ நாளைக்கப்புறம் சாதாரணமாக ஒன்று சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. வெளியே போய் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். விடவேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது ஞாயிறு அத்தை ஒத்தாசைக்கு வந்தாள். கடல் எப்படியோ ஒப்பேறியது. மூன்றாவது ஞாயிறு ஆடுகள் செய்துகொண்டிருக்கும்போது குண்டூசி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அத்தை, அடுத்த வாரம் மனுசன்தான?"

"ஆமா கண்ணு."

"மண்ணுலதான?"

"மண்ணுலதான். பிசைஞ்சு, மூக்குல ஊதினதும் உசுரு வந்துடுச்சு."

"அம்மாவையும் மண்ணுலதான வச்சோம்?"

அத்தையின் கை நின்றது. பெரியவன் தங்கையைப் பார்த்தான்.

"அதான் நாலாவது மெழுகுவத்தி ஏத்துனா அம்மா வந்துடுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அம்மாவே சொன்னாங்க. மெழுகுவத்தி ஏத்தற நேரத்துல வீட்ல இருப்பேன்னு. நான் எடத்த அப்படியே வச்சிருக்கேன்."

சொன்னது உண்மைதான். வண்டியில் ஏற்றும்போது அழுத குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படிச் சொன்னாள். மெத்தைக்காரர் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். செருப்பு தேவைப்படாது என்று அவருக்கு அப்போதே தெரியும்.

அத்தை தட்டுத்தடுமாறி, "வருவாங்கம்மா. எல்லாருமே வருவாங்க. கடைசி நாள்ல ஆண்டவர் எழுப்புவார்" என்றாள்.

"கடைசி நாள்னா நாலாவது ஞாயித்துக்கெழமையா?"

அத்தை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வழிகிற மெழுகைப் பார்த்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இல்லை பாப்பா, அது வேறே, இது வேறே என்று ஒரு வார்த்தை. இன்னும் ஒரு வாரம் அவளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார். அது மட்டுமில்லை. அவள் கணக்கில் எங்கே தப்பு என்று அவருக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மண்ணில் வைத்தது வாஸ்தவம். மண்ணில் செய்கிறார் என்று சொல்லிக்கொடுத்ததும் வாஸ்தவம்.

அந்த வாரம் முழுக்க ஈரக்காற்றும் தூறலுமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமைதான் வெயில் எட்டிப் பார்த்தது. தூறலில் நனைந்திருந்த லாட்ஜ் மெத்தைகள் நாலையும் காலையிலேயே வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு, மெத்தைக்காரர் உறைத்துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். விடுமுறைக்குள் வேண்டும் என்று லாட்ஜ் மேனேஜர் இரண்டு தடவை ஆள் விட்டிருந்தார்.

அப்பா கடைத்தெருவுக்குப் போன பிறகுதான் குண்டூசி எழுந்தாள். படுக்கையை நனைத்திருந்தாள். கொஞ்ச நாளாக அது நடக்கிறது. அத்தை திட்டவில்லை. காதோடு பேசினாள்.

"வெளிய யாருக்கும் தெரியாது. மேலுறைய அலசிப் போட்டுட்டு, மெத்தைய வெயில்ல காய வைக்கறேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள பழைய எடத்துலயே போட்டுடறேன்."

"யாரும் உக்காரக் கூடாது."

"நிக்க வச்ச மெத்தையில யாரு உக்காரப்போறா? போயி பல்லு வெளக்கு."

மேலுறையை உரித்துவிட்டால் எல்லா மெத்தையும் ஒன்றுதான். அதே நீலக்கோட்டுத் துணி. அத்தை அதைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து சுவரோரம் இடமிருந்த இடத்தில், லாட்ஜ் மெத்தைகளின் வரிசைக் கடைசியில் நிறுத்தினாள். பிறகு குழாயடிக்குப் போய்விட்டாள்.

மெத்தைக்காரர் உச்சிவெயிலுக்குத் திரும்பிவந்து ஒரு டம்ளர் தேநீர் குடித்தார். வெயில் இருக்கிறபோதே வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம். வீட்டு மெத்தையாக இருந்தால் பிரிக்குமுன் ஒரு தடவை கையால் தடவிப் பார்ப்பார். லாட்ஜ் மெத்தையில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது? இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர். யாருடைய சாயலும் அதில் தங்காது. சுவரோரம் நின்றதை ஒவ்வொன்றாய்த் தையலைக் கீறி, பஞ்சை உருவி மெஷினுக்குள் தள்ளினார். காலையில் நாலைத்தான் சாய்த்திருந்தார், இப்போது ஐந்து இருந்தது. கடைக்குப் போயிருந்த நேரத்தில் மேனேஜர் இன்னொன்றையும் கொண்டுவந்து தள்ளிவிட்டிருப்பார், ஆள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். மெஷின் ஓடியது. முன்கட்டு மூலையில் பஞ்சு இடுப்புயரத்துக்கு எழும்பியது.

காய்ந்த மேலுறையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை வந்து ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. மறுபடி கேட்டாள். மெஷினை நிறுத்தினார்.

"நம்ம மெத்தை எங்கண்ணா? வெளில நிக்க வச்சிருந்தனே."

"எந்த மெத்தை?"

கேட்டுவிட்டு வெறும் சுவரைப் பார்த்தார். தரையில் கிடந்த காலி உறைகளைப் புரட்டினார். ஐந்தாவதில், மூலையில், நூலை இரட்டிப்பாய் மடித்துப்போட்ட முடிச்சு இருந்தது. கல்யாணமான புதிதில் "நம்ம மெத்தைக்கு நான்தான் முடிச்சுப் போடுவேன்" என்று ஊசியைப் பிடுங்கி அவள் போட்டது. முடிச்சு கோணல். அவர் அன்றைக்குச் சிரித்தார்.

உறையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நான் பாவி. நான்தான் கொண்டாந்து வச்சேன்" என்று தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிக்க வச்சப்பவே பஞ்சு கீழ எறங்கி பள்ளம் போயிருக்கும். ஒனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியணும். ஊரெல்லாம் தடவிப் பாக்கற கை, இத ஒரு தரம் தடவிப் பாக்கல."

தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"கொழந்த வர்றதுக்கு நேரம் இருக்கு. சீக்கிரமா ஒண்ணு தச்சுடுங்க. மேலுறை அதேதான். பள்ளத்துக்கு நான் படுத்துப் பொரண்டு குடுக்கறேன். அண்ணி ஒசரந்தான் நானும்."

படுத்துப் புரளவேண்டிய அவசியமே இல்லை. அவரால் முடியும். தோளிடத்தில் எத்தனை பிடி குறைக்க வேண்டும், இடுப்பில் எத்தனை, ஓரம் எவ்வளவு உயரம் என்று கைக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் பள்ளத்தைச் செய்துவிடுவார். புது உறையை விரித்தார். பஞ்சை அள்ளிப்போட்டுப் பரத்தினார். கோலால் தட்டினார். தோள் வந்தது. இடுப்பு வந்தது. அசலாக வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஞாயிற்றுக்கிழமை நாலாவது மெழுகுவர்த்தியை ஏற்றுவோம். இடம் தயாராக இருக்கும். குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கப்புறம்?

கோலைக் கீழே வைத்தார். பரத்தின பஞ்சை வாரிக் குவியலில் திரும்பப் போட்டார்.

"என்னண்ணா?"

"வேணாம். அவகிட்ட சொல்லிடறேன்."

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். குண்டூசி நேரே உள்ளறைக்கு ஓடினாள். வெறும் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இன்னும் காயலியா?"

மெத்தைக்காரர் மகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகத்துணியை அவிழ்த்தார்.

"பாப்பா, அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன். லாட்ஜ் மெத்தைன்னு நெனச்சு அம்மா மெத்தையப் பிரிச்சு மெஷின்ல போட்டுட்டேன்."

அவள் குவியலைப் பார்த்தாள். "இதுல எது அம்மாவோடது?"

ஓர் அள்ளு அள்ளி, இதுதான் என்று கையில் கொடுத்துவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? கை குவியல் வரைக்கும் போயிற்று.

"தெரியலம்மா. எல்லாம் கலந்துடுச்சு. அப்பாவுக்கே தெரியல."

"திரும்பப் பள்ளம் பண்ணுங்க."

"பண்ணலாம். ஆனா அது அம்மா பண்ணினது இல்ல."

"அப்ப அம்மா வந்து எங்க படுப்பாங்க?" குரல் கீச்சென்று போயிற்று. "நாளான்னைக்கு வந்துடுவாங்களே! எங்க படுப்பாங்க?"

மழைக்காலத்திலிருந்து அவர் வாய்க்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமலிருக்கத்தான் அந்தப் பள்ளத்தை அவரும் காத்தார் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"அம்மா வரமாட்டாங்க பாப்பா."

"வருவேன்னு சொன்னாங்க."

"இருக்கணும்னு ஆசப்பட்டாங்க. ரொம்ப ஆசப்பட்டாங்க. முடியல. நாலாவது மெழுகுவத்திக்கு வரமாட்டாங்க. அடுத்த வருசமும் வரமாட்டாங்க. ஆண்டவர் எப்ப எழுப்புவாரோ, எனக்குத் தெரியாது. நீ வளந்து பெரிய மனுசியாகி, அப்பா போனப்புறமுங்கூட இருக்கலாம்."

அவள் அவரை அடித்தாள். இரண்டு கையாலும் நெஞ்சில், தோளில், முகத்தில் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. பெரியவன் வந்து பிடிக்கப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தார். அடித்து ஓய்ந்து அவள் பஞ்சுக் குவியலுக்குள் ஓடி முகம் புதைத்து விழுந்தாள். பஞ்சுக்குள்ளிருந்து அழுகை வெளியே கேட்கவே இல்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. பெரியவனும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா போன அன்றைக்கு அழாத பையன் அப்போது அழுதான்.

சனிக்கிழமை லாட்ஜ் மெத்தைகள் நாலும் தைத்துப் போயின. மிச்சமிருந்த பஞ்சில் வீட்டுக்கு ஒன்று. வண்டியில் ஏற்றும்போது குண்டூசி வாசலில் நின்று ஒவ்வொரு மெத்தையாய்த் தொட்டுப் பார்த்தாள். வண்டிக்காரன் விளையாட்டாய், "என்ன முதலாளியம்மா, சரக்கு சரியா இருக்கா?" என்று கேட்டான். அவள் அடுத்ததைத் தொட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மெழுகுவர்த்தியும் எரிந்தன. குண்டூசி வரமாட்டேன் என்று சுவரோரம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்காரர் கொல்லை மண்ணைப் பிசைந்தார். தண்ணீர் கூடிப்போய்க் கூழாகிவிட்டது.

"அப்பா, அது மனுசன் இல்ல, கஞ்சி" என்றான் பெரியவன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பொறுக்கமுடியாமல் எழுந்து வந்தாள். கொல்லைக்குப் போய் இன்னும் ஒரு பிடி மண் கொண்டுவந்து சேர்த்தாள். தலை, கை, கால் என்று அம்மா சொல்லித்தந்த வரிசையிலேயே பிடித்தாள். முடித்ததும் அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்க ஊதுங்க."

"எப்பவும் நீதான ஊதுவ?"

"நான் ஊதினா எந்திரிக்காது. எனக்குத் தெரியும்."

"நான் ஊதினாலும் எந்திரிக்காதும்மா."

"தெரியும். ஊதுங்க."

பஞ்சுத்தூசி அடைத்த மார்பிலிருந்து மூச்சைக் கூட்டி ஊதினார். பக்கத்து மெழுகுவர்த்தி அணைந்துபோனது. பெரியவன் சிரித்துவிட்டான். அத்தையும் சிரித்தபடியே திரும்பப் பற்றவைத்தாள். மண் மனுஷன் பஞ்சு ஆடுகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். எல்லோரும் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார்கள்.

"எந்திரிக்கல" என்றாள்.

"இல்ல."

"ஈரமா இருக்கு. காயட்டும்."

படுக்கப் போனபோது புது மெத்தை மேடு தட்டாமல், ஒரே மட்டமாய், உப்பிக்கொண்டு கிடந்தது. குண்டூசி பழக்கத்தில் ஓரத்தில் ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இதுல யாரும் படுக்கல இல்ல?"

"இன்னும் யாரும் படுக்கல."

"அப்ப நடுவுல நான் படுத்துக்கவா?"

"படுத்துக்கம்மா" என்றார்.

அவள் நடுவுக்கு நகர்ந்து, காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். மெத்தைக்காரர் தரையிலிருந்து எழுந்து போய் அவள் பக்கத்தில் படுத்தார். கையை நீட்டினால் குழந்தையின் முதுகு தட்டுப்பட்டது. சூடாக இருந்தது.

காலையில் பிள்ளைகள் எழுந்துபோன பிறகு போர்வையை மடித்தார். நடுவில், கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு, பஞ்சு லேசாக அமுங்கியிருந்தது. எந்த மெத்தையிலும் பள்ளத்தைக் கண்டால் தட்டி மட்டம் செய்கிற கை அது. தட்டுவதற்கு எழுந்துவிட்டது. அவர் அதை இறக்கிக்கொண்டு, மெஷினைப் போடுவதற்கு முன்கட்டுக்குப் போனார்.